எண்ணெய் இல்லாமல் வளராத ஈஸ்ட்: தேமல் கிருமிக்கு மருந்துச் சோதனை செய்வது ஏன் சிக்கலாகிறது?

நெஞ்சிலும் முதுகிலும் தேமல் படர்ந்து, ஓராண்டாகப் போவதும் வருவதுமாக இருக்கும் ஒருவர், மதுரையில் ஏதோ ஒரு லேப்பில் ‘கல்ச்சர் சென்சிடிவிட்டி’ என்ற, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்க்கும் சோதனையை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் மலாசீசியா என்று ஓர் ஈஸ்ட்டின், அதாவது ஒற்றைச் செல் பூஞ்சையின், பெயர் இருக்கிறது. அதன் கீழே மருந்துகளின் பட்டியல். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ‘எஸ்’ அல்லது ‘ஆர்’ என்று ஓர் எழுத்து. கீட்டோகோனசோலுக்கு எஸ், அதாவது மருந்துக்குக் கட்டுப்படும். ஃப்ளூகோனசோலுக்கு ஆர், அதாவது கட்டுப்படாது. அந்த ஓர் எழுத்தை நம்பி மருந்தை மாற்றுவதற்கு முன், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்படும் மருந்தளவு எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் எஸ், எந்த எண்ணுக்கு மேலே இருந்தால் ஆர் என்ற எல்லைக்கோட்டை, ஆய்வகச் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. நிறுவனமோ ஐரோப்பாவின் யூகாஸ்ட் குழுவோ மலாசீசியாவுக்கு வகுத்துத் தரவில்லை. ஆகவே அறிக்கையில் உள்ள எழுத்து, பெரும்பாலும் கேண்டிடா என்ற வேறொரு ஈஸ்ட்டுக்கு வகுத்த கோட்டைக் கடன் வாங்கி எழுதியதாகவே இருக்க முடியும்.

இந்தக் கோடு ஏன் இல்லை என்பதற்கான காரணம் அந்த ஈஸ்ட்டின் உணவுப் பழக்கத்தில் இருக்கிறது. மலாசீசியா புதிதாக வந்து ஒட்டிக்கொள்ளும் கிருமி அல்ல. வளர்ந்த மனிதர் ஏறக்குறைய எல்லோருடைய தோலிலும், குறிப்பாக எண்ணெய் சுரக்கும் உச்சந்தலை, முகம், நெஞ்சு, மேல்முதுகு ஆகிய இடங்களில், நிரந்தரமாகக் குடியிருப்பது. தேமலில் பூஞ்சை இருப்பதை 1846-இல் ஜெர்மானிய மருத்துவர் ஐக்ஸ்டெட் கண்டறிந்தார். பிரெஞ்சு ஆய்வாளர் மலாசேயின் பெயரால் 1889-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வந்தது. 1996-இல் நடந்த மறுவகைப்பாட்டில் ஏழு இனங்கள் பிரித்து வரையறுக்கப்பட்டன. பின்னர் அந்த எண்ணிக்கை இரட்டிப்புக்கு மேல் ஆகிவிட்டது. 2007-இல் மலாசீசியா குளோபோசா என்ற இனத்தின் மரபணுத் தொகுப்பு முழுவதும் வெளியானபோது, பலரும் நெடுநாளாக ஊகித்திருந்த ஒன்று உறுதியானது. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்வதற்கான மரபணு அதனிடம் இல்லை. தன் செல்சுவரை ஒட்டிய சவ்வைக் கட்டுவதற்குக்கூட அது நம் தோல் சுரக்கும் எண்ணெயைச் சிதைத்துத்தான் கொழுப்பு அமிலத்தைப் பெற வேண்டும். ஆய்வகத்தில் அதை வளர்ப்பது, இனம் பிரிப்பது, மருந்து வைத்துப் பார்ப்பது ஆகிய மூன்றிலும் உள்ள தொல்லைகள் எல்லாம் இந்த ஒரு குறையிலிருந்தே கிளைக்கின்றன.

சித்திரைத் திருவிழா முடிந்து அக்கினி நட்சத்திரம் தொடங்கும் நாட்களில் மதுரையில் தேமல் அதிகமாகக் கண்ணில் படுவதற்கு வெப்பமும் வியர்வையும் காரணம். மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை தூக்குபவரின் முதுகு, நாள் முழுவதும் நனைந்த பனியனுக்குள் இருக்கும் மாணவரின் நெஞ்சு, எண்ணெய் தேய்த்துவிட்டுச் சரியாக அலசாத தலை ஆகியவை அந்த ஈஸ்ட்டுக்கு வேண்டிய ஈரத்தையும் கொழுப்பையும் ஒருசேர அளிக்கின்றன. அப்போது அது உருண்டை வடிவத்திலிருந்து குட்டையான இழை வடிவத்துக்கு மாறித் தோலின் மேலடுக்கில் பரவுகிறது. தேமல் என்பது அந்த மாற்றத்தின் விளைவு. பொடுகு, முகத்திலும் தலையிலும் செதிலும் சிவப்புமாக வரும் செபோரிக் தோலழற்சி, நெஞ்சிலும் முதுகிலும் முகப்பருவைப் போலவே தோன்றும் மயிர்க்கால் அழற்சி ஆகியவற்றிலும் இதே ஈஸ்ட்டுக்குப் பங்கு உண்டு.

இந்த இடத்தில் ஆன்டிபயாடிக் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மருந்துக் கடையில் தோல் தொல்லை எதற்கும் ‘ஒரு ஆன்டிபயாடிக் குடுங்கண்ணே’ என்று கேட்பது நம் பக்கத்துப் பழக்கம். பாக்டீரியாவைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குகள் பெரும்பாலும் பாக்டீரியாவின், புரதம் தயாரிக்கும் ரைபோசோமையோ செல்சுவரையோ குறிவைப்பவை; ஈஸ்ட்டின் ரைபோசோமும் செல்சுவரும் வேறு அமைப்பு உடையவை. ஆகவே அவை மலாசீசியாவைத் தொடுவதில்லை. மயிர்க்கால் அழற்சியை முகப்பரு என்று எண்ணி மாதக்கணக்கில் டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டால், அருகில் குடியிருக்கும் பாக்டீரியா குறைந்து ஈஸ்ட்டுக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கிறது, கொப்புளங்களும் கூடுகின்றன. ஆனால் பூஞ்சையைக் கொல்லும் ஆன்டிபயாடிக்குகளும் உண்டு. ஆம்போடெரிசின் பி, நிஸ்டாட்டின், நாட்டமைசின் மூன்றும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்குபவை. பூஞ்சைச் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்போடு பிணைந்து வேலை செய்பவை. கீட்டோகோனசோல், ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் போன்ற அசோல் மருந்துகள் வேதிக்கூடத்தில் உருவாக்கப்பட்டவை. அதே எர்கோஸ்டெராலை ஈஸ்ட் தயாரிக்கவிடாமல் தடுப்பவை. இரு வகையும் கொழுப்பைச் சார்ந்தே இயங்குகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் சிக்கல் விளங்கும்.

ஆய்வகத்தில் முதல் வேலை செதில் எடுப்பது. நோயாளியின் தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, மழுங்கிய பிளேடின் விளிம்பால் தேமலின் ஓரத்தை மெல்லச் சுரண்டினால், வெறும் நிறமாற்றமாகத் தெரிந்த இடத்திலிருந்து நுண்ணிய செதில் பொடியாக உதிரும். அதில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நீலக் கறுப்பு பேனா மையைக் கலந்து ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், கொத்துக் கொத்தான உருண்டைச் செல்களும் அவற்றுக்கு ஊடே வளைந்த குட்டை இழைகளும் நீலமாகத் தெரியும். பேனா மை என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மலாசீசியாவின் சுவர் அந்த மையை நன்றாகப் பிடித்துக்கொள்வதால் பல காலமாகப் பல ஆய்வகங்களில் வழங்கிவரும் முறை இது. தேமலை உறுதிசெய்ய இவ்வளவு போதும். இதற்கு ஐந்து நிமிடமும் ஒரு சொட்டு மையும் தவிர வேறு செலவில்லை. கல்ச்சர் என்பது இதற்கு அடுத்த, பெரும்பாலானோருக்குத் தேவைப்படாத படி.

கல்ச்சர் செய்ய முற்பட்டால், பூஞ்சைகளை வளர்க்க வழக்கமாகப் பயன்படுத்தும் சபூரோ அகார் என்ற கூழில் மலாசீசியா வளராது. ஆலிவ் எண்ணெயை அகாரின் மேல் மெல்லிய படலமாக ஊற்றுவது பழைய வழி. அதைவிடத் தேர்ந்த வழி, மாற்றியமைத்த டிக்சன் அகார்: மால்ட் சாறு, பெப்டோன், உலர்த்திய மாட்டுப் பித்தம், ட்வீன் 40 என்ற, கொழுப்பு அமிலம் அடங்கிய கலப்புப் பொருள், கிளிசரால், ஓலியிக் அமிலம் ஆகியவை சேர்ந்தது. லீமிங், நாட்மன் என்ற இருவர் 1987-இல் வெளியிட்ட மற்றொரு கலவையில் பாலும் சேரும். இவற்றில் குளோராம்பெனிகால், சைக்ளோஹெக்சிமைடு என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளையும் கலப்பது வழக்கம். முதலாவது, தோலிலிருந்து கூடவே வந்த பாக்டீரியாவை அடக்கும். இரண்டாவது, காற்றில் வந்து விழும் சாதாரணப் பூஞ்சணங்களை அடக்கும். மலாசீசியா இரண்டையும் பொறுத்துக்கொண்டு வளர்கிறது. ஆக, மருந்துச் சோதனை என்று நாம் பெயரிட்டு அழைக்கும் சோதனை தொடங்கும் முன்பே, இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு அது கட்டுப்படாது என்பதைப் பயன்படுத்தித்தான் அதைத் தனியே பிரிக்கிறோம்.

தட்டுகளை 32 முதல் 34 டிகிரி செல்சியஸில், உலர்ந்துவிடாதபடி பையில் கட்டி, ஒரு வாரம், சில வேளை இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். குளிர்நாட்டில் எழுதிய கையேடு சொல்லாத ஒரு சங்கடம் மதுரையில் இங்கே தலைகாட்டுகிறது. சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. மே மாதத்தில் அறையின் வெப்பமே 36, 38 என்று நிற்கும்போது, முகப்பில் 32 என்று திருகி வைத்தாலும் உள்ளே அறையின் வெப்பம்தான் இருக்கும். 37 டிகிரியிலேயே குளோபோசா, ரெஸ்ட்ரிக்டா போன்ற இனங்கள் தடுமாறத் தொடங்குகின்றன. குளிரூட்டும் வசதியும் சேர்ந்த பி.ஓ.டி. இன்குபேட்டரோ ஏ.சி. அறையோ இல்லாத ஆய்வகம் கோடையில் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதினால், அந்தச் சொல்லை நோயாளியின் தோலைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டும். வளர்ந்த ஈஸ்ட்டைச் சேமிப்பதும் எளிதல்ல. மற்ற ஈஸ்ட்டுகளைப் போலச் சாய்வுக் குழாயில் ஃபிரிட்ஜில் வைத்தால் பல இனங்கள் சில வாரங்களில் இறந்துவிடும். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி வேண்டும்.

இனம் பிரிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு நுரை வருகிறதா என்று பார்க்கும் கேட்டலேஸ் சோதனையில் ரெஸ்ட்ரிக்டா மட்டும் நுரைக்காது. ட்வீன் 20, 40, 60, 80 ஆகியவற்றைத் தனித்தனிக் குழிகளில் ஊற்றி, எந்தக் குழியைச் சுற்றி வளர்கிறது என்று பார்ப்பது மற்றொரு வழி. புரதங்களின் எடையை அளந்து இனம் காட்டும் மால்டிடாஃப் கருவியோ மரபணு வரிசையோ இருந்தால் ஐயம் தீரும். நாய்களின் காதில் வாழும் பாக்கிடெர்மாட்டிஸ் மட்டும் எண்ணெய் சேர்க்காத சபூரோ அகாரிலேயே வளர்ந்துவிடும். அதைப் பிறகு பார்ப்போம்.

இனி மருந்துச் சோதனை. இதில் அளப்பது எம்.ஐ.சி., அதாவது ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்துச் செறிவு. சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு ஈஸ்ட்டுகளுக்காக வகுத்த எம்27 என்ற முறை 1997-இல் ஒப்புதல் பெற்றது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு குழி. பத்துக் குழிகளில் மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்து ஊற்றுவார்கள்: மில்லிலிட்டருக்கு 16 மைக்ரோகிராம், 8, 4, 2, 1 என்று இறங்கி 0.03 வரை. மீதி இரண்டில் ஒன்றில் மருந்தில்லாமல் ஈஸ்ட் மட்டும். மற்றொன்றில் ஈஸ்ட் இல்லாமல் திரவம் மட்டும். திரவம் ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற கலவை, பி.எச். 7, வெப்பம் 35 டிகிரி. ஒரு மில்லிலிட்டருக்கு 500 முதல் 2,500 உயிர்ச்செல்கள் இருக்கும்படி ஈஸ்ட்டை ஊற்றி, 24 மணி நேரம் கழித்து எந்தக் குழியில் கலங்கல் பாதியாகக் குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு படி மேலே கீழே வந்தால் அது சோதனையின் இயல்பான பிழை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது, 0.5 என்று வந்ததும் 1 என்று வந்ததும் ஒன்றுதான். தட்டு சரியாக வேலை செய்கிறதா என்று சரிபார்க்க, எம்.ஐ.சி. ஏற்கெனவே தெரிந்த கேண்டிடா பாராப்சிலோசிஸ் ஏ.டி.சி.சி. 22019, கேண்டிடா குருசை ஏ.டி.சி.சி. 6258 என்ற இரண்டு மாதிரிகளையும் கூடவே ஓட்டுவார்கள்.

கேண்டிடாவுக்கு ஒழுங்காக நடக்கும் இந்த ஏற்பாடு மலாசீசியாவிடம் வந்ததும் ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் இடறுகிறது. ஆர்.பி.எம்.ஐ. திரவத்தில் கொழுப்பு இல்லை. அதில் மலாசீசியா வளராது. ஆகவே ஆய்வாளர்கள் அதில் மாட்டுப் பித்தம், கிளிசரால், ட்வீன் 40, ட்வீன் 80 போன்றவற்றைப் பல அளவுகளில் சேர்த்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று நாளோ ஐந்து நாளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும், அதற்குள் விளிம்புக் குழிகளில் திரவம் வற்றி மருந்தின் செறிவு மாறிவிடக்கூடும். செல்களை ஒரே சீராகக் கலப்பதும் எளிதல்ல. கொதிநீரில் அவசரமாகக் கொட்டிய ரவையைப் போல மலாசீசியா கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி மணிகளைப் போட்டு வேகமாகக் குலுக்கி, கட்டி அடியில் தங்கிய பிறகு மேல் திரவத்தை மட்டும் எடுக்கிறார்கள். அப்போதும் கலங்கலை அளந்து செல் எண்ணிக்கையைக் கணிப்பது நம்பத்தக்கதாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கைத் தட்டில் பரப்பி, முளைத்த புள்ளிகளை எண்ணிச் சரிபார்ப்பதே முறை.

முடிவைப் படிப்பதும் சிக்கல்தான். எண்ணெய்ப் பொருள் கலந்த திரவம் முதலிலிருந்தே பால் நிறமாகக் கலங்கியிருப்பதால், ஈஸ்ட் வளர்ந்து கலங்கியதா, ட்வீன் கலங்கியதா என்று வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழிகளில் எனக்கு அழகாகத் தோன்றுவது யூரியாத் திரவம். மலாசீசியா யூரியேஸ் என்ற நொதியைச் சுரப்பது. யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை வெளியிடும். நிறங்காட்டி கலந்த யூரியாத் திரவத்தில் சிறிது ட்வீன் சேர்த்துச் சோதனை செய்தால், ஈஸ்ட் உயிரோடு இருக்கும் குழி மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறிவிடும்; மருந்து வேலை செய்த குழி மஞ்சளாகவே நிற்கும். ரெசாசூரின் என்ற நீலச் சாயம் மற்றொரு வழி. உயிருள்ள செல்கள் அதையும் இளஞ்சிவப்பாக்கும். இரண்டிலும் கலங்கல் தொல்லை ஒழிகிறது. ஆனால் கலங்கலை அளந்த எம்.ஐ.சி.யும் நொதியின் வேலையை அளந்த எம்.ஐ.சி.யும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மிகக் கடினமான தொல்லை எண்ணெய்தான். அசோல் மருந்துகளில் பலவும் ஆம்போடெரிசினும் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. சோதனைக்கே அவற்றை முதலில் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துத்தான் திரவத்தில் சேர்க்கிறார்கள். குழியில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் கீட்டோகோனசோல் ஊற்றியதாக நாம் கணக்கு எழுதினாலும், அதில் ஒரு பங்கு ட்வீன் துளிகளிலும் பித்தத் துளிகளிலும் போய் ஒடுங்கிவிடுகிறது. ஈஸ்ட்டை எட்டுவது மீதிதான். எண்ணெயைக் கூட்டினால் ஈஸ்ட் செழிக்கும், மருந்து மறையும், எம்.ஐ.சி. பொய்யாக உயரும். எண்ணெயைக் குறைத்தால் ஈஸ்ட் மெலியும், மெலிந்த ஈஸ்ட்டைச் சிறிது மருந்தே தடுத்துவிடும், எம்.ஐ.சி. பொய்யாகத் தாழும். அதே ஈஸ்ட், அதே மருந்து, அதே கை. திரவத்தை மட்டும் மாற்றினால் எண் பல படிகள் நகர்கிறது. காகித வட்டை அகாரின் மேல் வைத்து, சுற்றிலும் தோன்றும் தெளிந்த வளையத்தை அளக்கும் முறை இன்னும் மோசமாகப் பாதிக்கப்படும், ஏனெனில் கொழுப்பு நிறைந்த அகாரில் மருந்து பரவுவதே தடைபடுகிறது. செலவு குறைவு என்பதால் சிறு ஆய்வகங்கள் நாடக்கூடிய முறை இதுதான் என்பது வருந்தத்தக்கது. மருந்துச் செறிவு படிப்படியாக ஏறும் பட்டைகளை டிக்சன் அகாரின் மேல் வைப்பது இதைவிடச் சற்றுத் தேவலை.

இவ்வளவு குழப்பத்திலும், வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு முறைகளில் நடந்த சோதனைகள் சில பொதுப் போக்குகளில் ஒத்துப்போகின்றன. கீட்டோகோனசோலுக்கும் இட்ராகோனசோலுக்கும் மலாசீசியா பொதுவாகத் தாழ்ந்த எம்.ஐ.சி. காட்டுகிறது. ஃப்ளூகோனசோலுக்கு அது உயர்ந்தே இருக்கிறது, அதிலும் ஃபர்ஃபர் இனத்தில் மிகுதி. பூஞ்சையின் செல்சுவரைத் தாக்கும் எக்கினோகாண்டின் வகை மருந்துகளும் ஃப்ளூசைட்டோசின் என்ற பூஞ்சை மருந்தும் இயல்பிலேயே பலிப்பதில்லை. மருந்து தாக்கும் நொதிக்கான இ.ஆர்.ஜி.11 மரபணுவில் மாற்றம் ஏற்படுவது, அந்த மரபணுவின் நகல்கள் பெருகுவது, மருந்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்புகள் கூடுவது ஆகிய வழிகளில் மலாசீசியா அசோல்களை எதிர்க்கப் பழகுவதும் ஆய்வகங்களில் காட்டப்பட்டிருக்கிறது. எதிர்ப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருப்பதை அளக்கும் கோல்தான் ஆளுக்கு ஆள் வேறு நீளத்தில் இருக்கிறது.

எம்.ஐ.சி. எண்ணை எஸ், ஆர் என்று பிரிக்கும் கோட்டுக்கு மூன்று ஆதாரங்கள் வேண்டும். எதிர்ப்பு எதுவும் பெறாத இயல்பான ஈஸ்ட்டுகள் எந்த எண்களில் பரவியிருக்கின்றன என்பது ஒன்று. மருந்து உடலில் எவ்வளவு செறிவை எட்டுகிறது என்பது இரண்டாவது. எண் உயர்ந்தவர்களுக்கு உண்மையிலேயே சிகிச்சை தோற்றதா என்பது மூன்றாவது. கேண்டிடா ஆல்பிகன்சுக்கு இவை இருக்கின்றன, ஃப்ளூகோனசோல் எம்.ஐ.சி. 2 அல்லது அதற்குக் கீழே என்றால் எஸ், 8 அல்லது அதற்கு மேலே என்றால் ஆர் என்று சி.எல்.எஸ்.ஐ. சொல்வது அந்த ஆதாரத்தில்தான். அதே கோட்டைத் தேமலுக்குப் பொருத்துவது ஏன் தவறு என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். தேமலுக்குப் பூசும் கீட்டோகோனசோல் க்ரீம் 2 சதவீதம். ஒரு கிராம் க்ரீமில் 20 மில்லிகிராம், அதாவது 20,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கே ஈஸ்ட்டை எட்டுகிறது என்று வைத்தாலும், எம்.ஐ.சி. 0.25 என்பதற்கும் 2 என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த அளவின் முன் பொருளற்றுப்போகிறது. மாத்திரைக்கு இது எதிர்த்திசையிலும் நடக்கும். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்து ஆய்வகத்தில் மலாசீசியாவைத் தடுக்கிறது. க்ரீமாகப் பூசினாலும் தேமல் குறைகிறது. மாத்திரையாகச் சாப்பிட்டால் தேமலுக்குப் பலிப்பதில்லை, ஏனெனில் ஈஸ்ட் இருக்கும் மேலடுக்கில் அது போதிய அளவு சேர்வதில்லை. லேப் தாளில் எஸ் என்று வந்தாலும் மாத்திரை தோற்கும்.

ஆய்வக எண்ணுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவை எப்படிக் கண்டறிவது என்பதற்கு மதுரையிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. அது தோலில் நடந்ததல்ல, கண்ணில் நடந்தது. வயலில் நெல் தாளோ குச்சியோ பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தவர்களுக்கு நாட்டமைசின் நல்லதா, வோரிகோனசோல் நல்லதா என்று அரவிந்த் கண் மருத்துவமனைகளில், மதுரையை முதன்மையாகக் கொண்டு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில் 323 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். முடிவுகள் 2013-இல் வெளியாயின. புதிய மருந்தான வோரிகோனசோலைவிட, 1955-இல் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பழைய ஆன்டிபயாடிக்கான நாட்டமைசினே, குறிப்பாக ஃபியூசேரியம் பூஞ்சைக்கு, நன்றாக வேலை செய்தது. அந்த நோயாளிகளின் பூஞ்சைகளை வளர்த்து எம்.ஐ.சி.யும் பார்த்தார்கள், நாட்டமைசினுக்கான எம்.ஐ.சி. உயர்ந்தபோது மூன்று மாதம் கழித்துக் கருவிழியில் தங்கிய வடுவும் பெரிதாக இருந்தது. எண்ணையும் விளைவையும் ஒரே நோயாளிகளிடம் சேர்த்துப் பார்த்ததால்தான் அந்த எண்ணுக்கு ஒரு பொருள் கிடைத்தது. மலாசீசியாவுக்கும் எம்.ஐ.சி. ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. எண்ணைச் சிகிச்சையின் முடிவோடு பொருத்திப் பார்த்தவை மிக அரிது.

இந்நிலையில், ‘மருந்து கேக்க மாட்டேங்குது’ என்று வருபவருக்கு என்ன நடந்திருக்கும்? பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஈஸ்ட் அழிந்துவிட்டது, நிறம் மட்டும் திரும்பவில்லை. மலாசீசியா உண்டாக்கும் அசெலாயிக் அமிலம் போன்ற பொருள்கள் நிறமியின் உற்பத்தியைத் தடுப்பதால், வெள்ளைத் திட்டு மறைய மாதங்கள் ஆகும். பிளேடால் சுரண்டிச் செதில் உதிரவில்லை, நுண்ணோக்கியில் இழை இல்லை என்றால் சிகிச்சை வென்றுவிட்டது. தோலுக்குத்தான் காலம் தேவை. இரண்டாவது, ஈஸ்ட் குறைந்து மீண்டும் பெருகியிருக்கிறது. அது நிரந்தரக் குடியிருப்பாளர் என்பதால் அடுத்த கோடையில் திரும்புவது எதிர்ப்பின் அடையாளம் அல்ல. மூன்றாவது, கடையில் வாங்கிய கலவை க்ரீம். ஸ்டீராய்டு, பாக்டீரியா ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த அந்த க்ரீம் அரிப்பை உடனே அடக்கும், நோயின் தோற்றத்தைக் குழப்பும், நிறுத்தியதும் மறுபடி கிளம்பும். 2018-இல் மத்திய அரசு 328 கலவை மருந்துகளைத் தடைசெய்தபோது இத்தகைய சில க்ரீம்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனாலும் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு க்ரீம் வாங்குவது நின்றுவிடவில்லை என்பது தெருமுனைக் கடைக்குப் போகும் எவருக்கும் தெரியும். இந்த மூன்றில் எதற்கும் கல்ச்சர் சென்சிடிவிட்டி விடை சொல்லாது.

அப்படியானால் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாமா என்றால், உயிரைக் காக்கும் இடம் ஒன்று இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து, பெரிய இரத்தநாளத்தில் செருகிய குழாய் வழியே கொழுப்புத் திரவம் ஏற்றப்படும் பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் மலாசீசியா புகுந்துவிடுவதை 1980-களின் தொடக்கத்திலிருந்தே மருத்துவர்கள் பதிவு செய்துவருகிறார்கள். கொழுப்பு தேடும் ஈஸ்ட்டுக்குக் கொழுப்பு ஓடும் குழாயைவிட நல்ல இடம் ஏது? அந்தக் குழந்தைகளுக்கு கேண்டிடாவைத் தடுக்கவென முன்கூட்டியே ஃப்ளூகோனசோல் கொடுப்பது உண்டு. மலாசீசியாவை அது நம்பகமாகத் தடுக்காது. எக்கினோகாண்டின் கொடுத்தாலும் பயனில்லை. குழாயை எடுத்துவிட்டு, கொழுப்பேற்றுவதை நிறுத்தி, ஆம்போடெரிசின் பி கொடுப்பதே வழக்கமான வழி. எந்த மருந்து ஆகாது என்பது இங்கே சில நாட்களுக்குள் தெரிந்தாக வேண்டும், தோலில் பூசும் க்ரீமின் இருபதாயிரம் மைக்ரோகிராம் இங்கே கிடையாது, எம்.ஐ.சி.யின் ஒவ்வொரு படிக்கும் மதிப்பு உண்டு. இதில் முதல் தடை சோதனையல்ல, கண்டுபிடிப்பதே. இரத்தக் கல்ச்சர் குப்பியில் ஏதோ வளர்கிறது என்று கருவி காட்டி, நுண்ணோக்கியில் ஈஸ்ட் தெரிந்து, சாதாரண அகாரில் ஒன்றும் முளைக்காவிட்டால், அதை ஏதோ கலப்படம் என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. ஆய்வகத்துக்கு அனுப்பும் சீட்டிலேயே ‘கொழுப்பேற்றப்படும் குழந்தை, எண்ணெய் சேர்த்த தட்டிலும் போடவும்’ என்று மருத்துவர் ஒரு வரி எழுதினால் அந்த வாய்ப்பு பெரிதும் குறையும்.

நாய்களின் கதை இதோடு சேர்கிறது. 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க அறிக்கையில், பச்சிளங்குழந்தைப் பிரிவு ஒன்றில் பரவிய பாக்கிடெர்மாட்டிஸ், அங்கே பணிபுரிந்தவர்கள் வீட்டில் வளர்த்த நாய்களிடமிருந்து கைவழியே வந்திருக்கலாம் என்று காட்டப்பட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று நாட்டு இனங்களுக்குப் பேர்போன இந்தப் பக்கத்தில் இப்போது மாடி வீடுகளில் தொங்குகாது லாப்ரடாரும் காக்கர் ஸ்பேனியலும் நிறைய வளர்கின்றன. காற்றோட்டமில்லாத, மெழுகு தேங்கும் அந்தக் காதுகளில் பாக்கிடெர்மாட்டிஸ் பெருகி, காது நாறி, நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும். காதில் ஊற்றும் சொட்டு மருந்தை நிறுத்தி நிறுத்தி மாதக்கணக்கில் தொடர்வதால், அசோல் எதிர்ப்பு மெய்யாகவே தலைதூக்கியிருப்பதாகப் பல நாடுகளின் கால்நடை ஆய்வகங்கள் எழுதியிருக்கின்றன. இந்த இனம் எண்ணெய் சேர்க்காமலும் வளர்வதால், சோதனையை ஒழுங்குபடுத்துவதில் முதல் முன்னேற்றமும் இங்கிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன். அதில் கிடைக்கும் எண்ணை அப்படியே ஃபர்ஃபருக்கோ குளோபோசாவுக்கோ மாற்றிப் போட முடியாது என்பது வேறு விஷயம்.

ஆகவே மலாசீசியா அறிக்கை ஒன்று கைக்கு வந்தால், மருத்துவர் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியவை எளியவை. எந்த இனம்? எந்தத் திரவத்தில், எவ்வளவு ட்வீன் சேர்த்து, எத்தனை மணி நேரம் கழித்துப் படித்தீர்கள்? கேண்டிடா சரிபார்ப்பு மாதிரிகள் அந்தத் தட்டில் எல்லைக்குள் வந்தனவா? மருந்தில்லாத குழியில் ஈஸ்ட் நன்றாக வளர்ந்திருந்ததா? இவற்றுக்கு விடை கிடைத்தால், எஸ், ஆர் எழுத்துகளை அடித்துவிட்டு எம்.ஐ.சி. எண்ணை மட்டும் தாளில் விட்டுவைக்கும்படி கேட்கலாம். அதே ஆய்வகத்தில், அதே முறையில், அதே நோயாளியிடமிருந்து பின்னர் எடுத்த ஈஸ்ட்டில் அந்த எண் நான்கு மடங்கோ எட்டு மடங்கோ உயர்ந்திருந்தால், அப்போது மருந்தை மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது.